ரீபில்ட் செய்த டிரையம்ஃப் 650: 300 கி.மீ. ஓடியதும் எக்ஸாஸ்ட் வால்வின் கேப் பூஜ்யம், காரணம் என்ன?

அரைமுறுக்கு:
வணக்கம். 1968 டிரையம்ஃப் டி120 பைக்கின் இன்ஜின். வால்வும் கைடும் புதுசு, சீட் (வால்வு மூடும்போது உட்காரும் வளையம்) வெட்டி லேப் செய்தது (தேய்த்துப் பொருத்தியது), செம்பு ஹெட் கேஸ்கெட்டும் புதுசு. புஷ்ராட் (கேமின் தள்ளலை மேலே கொண்டுசெல்லும் கம்பி), ராக்கர் (அந்தத் தள்ளலில் வால்வை அழுத்தும் நெம்புகோல்), அதன் அட்ஜஸ்டர் ஸ்க்ரூ பழையவை. மேனுவல்படி ஆறிய இன்ஜினில் கேப் (அட்ஜஸ்டர் நுனிக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி) இன்லெட் 2 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு, 0.05 மி.மீ.), எக்ஸாஸ்ட் 4 தௌ (0.10 மி.மீ.) வைத்திருந்தது.

300 கி.மீ. ஓடிய பிறகு, சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது. கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஒரு கம்ப்ரஷன் கனமாகவும் அடுத்தது லேசாகவும் இருக்கிறது. பார்த்தால் வலது எக்ஸாஸ்ட்டில் ஃபீலரே (இடைவெளி அளக்கும் மெல்லிய பிளேடு) நுழையவில்லை, இடது எக்ஸாஸ்ட் 2 தௌ. இடது இன்லெட்டில் கேப் சரியாகக் காட்டுகிறது, ஆனாலும் டிக் டிக் சத்தம் அங்கிருந்துதான்.

மறுபடி செட் செய்தால் போதுமா, ஹெட்டைக் கழற்ற வேண்டுமா? 2 தௌ பிளேடு கையில் மடங்கி மடங்கிப் போகிறது, அதை நம்பலாமா?

கேம்_மேடு:
தேய்ந்தால் கேப் கூடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கேம் (சுழன்று வால்வைத் திறக்கவைக்கும் மேடுள்ள தண்டு), டேப்பெட் (கேமின் மேல் நின்று புஷ்ராடைத் தள்ளும் துண்டு), ராக்கர் நுனி தேய்ந்தால் அது சரி. புதிதாகக் கட்டிய ஹெட்டில் நடப்பது நேர் எதிர். புது கேஸ்கெட் சூடேறி ஆறி அமுங்கும். ஹெட் அந்த அளவுக்குக் கீழே இறங்கும், கூடவே ராக்கர் ஷாஃப்ட்டும் இறங்கும். புஷ்ராடின் நீளம் மாறாது. அதனால் ராடு ராக்கரின் ஒரு முனையை மேலே தள்ள, மறுமுனை வால்வை நெருங்கும். இத்துடன் புதிதாக வெட்டிய சீட்டில் வால்வு படிந்து, தண்டு கொஞ்சம் மேலே வரும். இரண்டும் சேர்ந்து கேப்பைத் தின்றுவிட்டன.

எக்ஸாஸ்ட்டில் இதை விட்டுவைக்கக் கூடாது. அந்த வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை, மூடியிருக்கும் நேரத்தில் சீட் வழியாகத்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. கேப் பூஜ்யமானால் முழுதாக உட்காராது. எரியும் வாயு அந்த இடுக்கில் பீறி விளிம்பை அரித்துவிடும். அதிகமான கேப் சத்தம் போட்டுச் சொல்லிவிடும், குறைவான கேப் சத்தமே இல்லாமல் வால்வை எரிக்கும். செட் செய்யும்வரை வண்டியை ஓட்டாதீர்கள்.

முதல் வேலை டேப்பெட் செட்டிங் (கேப் வைப்பது) அல்ல, ஹெட் போல்ட். இரவு முழுக்க ஆறிய இன்ஜினில், மேனுவல் சொல்லும் வரிசையில், ஒவ்வொரு போல்ட்டாகக் கால் சுற்று தளர்த்தி, உடனே டார்க் ரெஞ்சால் குறித்த அளவுக்கு இறுக்குங்கள். தளர்த்தாமல் மேலேயே இறுக்கினால், ஒட்டிப்போன இழையின் உராய்வு ரெஞ்சை முன்னதாகவே கிளிக் ஆக்கிவிடும். 1963க்குப் பிந்தைய 650 ஹெட் ஒன்பது போல்ட். நடுவிலுள்ள சின்ன போல்ட்டுக்கு அளவு வேறு, மறக்க வேண்டாம்.

அதன் பிறகு டேப்பெட். இரண்டு பிளக்கையும் கழற்றி, டாப் கியர் போட்டு, பின் சக்கரத்தை ஓட்டும் திசையில் திருப்புங்கள். டி.டி.சி.யை (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) தேட வேண்டாம். வலது எக்ஸாஸ்ட்டை செட் செய்ய, இடது எக்ஸாஸ்ட் முழுதாகத் திறந்து நிற்கும்வரை திருப்பினால் போதும். இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறி இறங்கினாலும் ஸ்ட்ரோக் ஒரு சுற்று தள்ளி வருவதால், ஒன்று முழுதாகத் திறந்திருக்கும்போது மற்றதன் டேப்பெட் கேமின் வட்டமான பின்பக்கத்தின் நடுவில் இருக்கும். இந்த கேம்களில் மேடு தொடங்கும் முன் மெல்லிய சரிவு உண்டு. டேப்பெட் அந்தச் சரிவில் நிற்கும்போது 4 தௌ வைத்தால் நிஜமான கேப் அதைவிட அதிகமாகிவிடும். இன்லெட்டுக்கும் இதே முறைதான்.

நூல்சுற்று:
2 தௌ பிளேடு பற்றி. அந்த அட்ஜஸ்டர் இழை அங்குலத்துக்கு 26. ஒரு முழுச் சுற்று 0.98 மி.மீ., கால் சுற்று ஏறக்குறைய 0.24 மி.மீ. அட்ஜஸ்டர் வால்வுப் பக்கத்திலேயே இருப்பதால் ஸ்க்ரூ நகரும் அளவுதான் கேப். ராக்கரில் ஆட்டம் தீரும்வரை மெதுவாக இறக்கி, தொட்ட இடத்திலிருந்து திருப்பிவிடுங்கள். 2 தௌவுக்கு 18 டிகிரி, 4 தௌவுக்கு 37 டிகிரி. ஸ்க்ரூவின் தலை சதுரம் என்பதால் ஒரு பக்கம் 90 டிகிரி, அதை வைத்துக் கணக்கிடலாம்.

லாக் நட்டை இறுக்கும்போது சதுரத் தலையை ஸ்பேனரால் பிடித்தே ஆக வேண்டும். நட் ஸ்க்ரூவைத் தன்னோடு திருப்பவும் செய்யும், இழை ஆட்டத்தில் மேலே இழுக்கவும் செய்யும். 2 தௌவில் இந்தச் சின்ன நகர்வே பாதி அளவு. நட் இறுகிய பின் அளந்ததுதான் அளவு. 2 நுழைந்து 3 நுழையாமல் இருந்தால் நல்ல செட்டிங்.

ராக்கர்முனை:
இடது இன்லெட் சத்தத்துக்கு அட்ஜஸ்டரை முழுதாகக் கழற்றி அதன் நுனியைப் பாருங்கள். பழைய ஸ்க்ரூ நுனியில் வால்வுத் தண்டு குழி போட்டிருக்கும். பிளேடு அந்தக் குழியின் விளிம்புகள் மேல் பாலம்போல் உட்காரும், தண்டு குழிக்குள் போய்த் தட்டும். பிளேடு 2 சொன்னாலும் நிஜத்தில் 5, 6 தௌ இருக்கும். அரம் வைத்து ராவ வேண்டாம், கெட்டியான மேல்தோல் போய்விட்டால் சீக்கிரமே மறுபடி குழி விழும். நான்கையும் புதுசாக மாற்றுங்கள். மாற்றும் வரை மேலே சொன்ன டிகிரி கணக்கை நம்பலாம், குழி அதை ஏமாற்றாது.

எக்ஸாஸ்ட் சத்தத்தையும் அடக்க 4 தௌவுக்குக் கீழே போவது கூடவே கூடாது.

அரைமுறுக்கு:
நன்றி. போல்ட்டுகள் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் ஏறின. ஸ்க்ரூ நுனியில் குழி இருந்தது, நான்கும் மாற்றியாயிற்று. வலது எக்ஸாஸ்ட்டை 4 தௌவில் வைத்த பிறகும் அந்தப் பக்கம் கம்ப்ரஷன் கொஞ்சம் குறைவு. இது சீட்டில் படிந்துவிடுமா?

கேம்_மேடு:
கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் டி.டி.சி.யில் நிறுத்தி, கியர் போட்டுப் பின் பிரேக்கைக் கட்டி, பிளக் துளை வழியாகக் காற்று ஏற்றிக் காது கொடுங்கள். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் என்றால் இன்லெட். கிரேங்க்கேஸ் பிரீதரில் மட்டும் வந்தால் ரிங், அது இன்னும் படிய நேரம் இருக்கிறது. சைலன்சர் சீறல் சன்னமாக இருந்தால் 150 கி.மீ. ஓட்டி மறுபடி பாருங்கள். பலமாக இருந்தால் விளிம்பு ஏற்கெனவே அரிக்கப்பட்டிருக்கலாம், ஹெட்டைக் கழற்றுவதே சரி.

800 கி.மீ. வாக்கில் போல்ட், டேப்பெட் இரண்டையும் இன்னொரு முறை. அதற்குப் பிறகும் ஒரே வால்வில் கேப் குறைந்துகொண்டே வந்தால் கேஸ்கெட்டைக் குற்றம் சொல்ல முடியாது. சீட் அமிழ்கிறது, அல்லது வால்வுத் தலை சூட்டில் இழுபடுகிறது. சீட் ரிங் மாற்றிய ஹெட் என்றால் அது பிடிப்பாக உட்கார்ந்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

நூல்சுற்று:
ராக்கர் பாக்ஸின் நான்கு மூடிகளுக்கும் புது வாஷர் போடுங்கள். இல்லாவிட்டால் அதிர்வில் மூடிகள் கழன்று விழுந்துவிடும்.