நாடு மாறியபோது உங்கள் ஆடியோ செட்டுக்கு கரண்டால் என்ன ஆனது?

பழைய ஆம்ப்
இரண்டு வருஷமாகியும் அந்த 'டப்' சத்தம் காதை விட்டுப் போகவில்லை. அமெரிக்காவில் இருந்தபோது முதல் சம்பளத்தில் வாங்கிய ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர்). 230 வோல்ட் நாட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்த அன்றே பாட்டுக் கேட்க ஆசை. வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேறு பெட்டியில். லேப்டாப்புக்குப் போட்டிருந்த அடாப்டர் பிளக் கைக்கெட்டும் தூரத்தில். லேப்டாப் ஓடுகிறதே என்று அதிலேயே செருகிவிட்டேன். சுவிட்சைப் போட்டதும் முன்பக்க விளக்கு ஒரு நொடி பளீரென்று எரிந்தது. அத்தனை வருஷத்தில் அவ்வளவு வெளிச்சமாக அது எரிந்ததே இல்லை. உடனே சத்தம், கருகல் வாடை. பவர் டிரான்ஸ்ஃபார்மரே போய்விட்டது என்றார் பழுது பார்த்தவர். லேப்டாப் சார்ஜரில் 100-240 என்று போட்டிருக்கும். ஆம்பின் முதுகில் 120 மட்டும்தான். அதை அப்புறம்தான் படித்தேன்.

வினைல் பிரியன்
நான் டிரான்ஸ்ஃபார்மர் போட்டுத்தான் டர்ன்டேபிளை ஓட்டினேன். புகையும் இல்லை, வாடையும் இல்லை. ஆனால் அம்மா சமையலறையிலிருந்து வந்து, "யாருப்பா பாடுறது?" என்று கேட்டார். அவருக்கு வரிக்கு வரி மனப்பாடமான இசைத்தட்டு அது. பாடகியின் குரல் அடையாளமே தெரியாமல் கனத்துப் போயிருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை (கரண்ட் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதை) மாற்றாது. 60 ஹெர்ட்ஸ் மோட்டார் 50-ல் ஓடியதால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டிய தட்டு 28-க்கும் குறைவாகச் சுற்றியிருக்கிறது. 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி (மோட்டாரில் மாட்டும் சின்னச் சக்கரம்) வாங்கி மாட்டியபின் சரியானது. டர்ன்டேபிள் எடுத்துப் போகிறவர்கள் இதை மறக்காதீர்கள்.

ஃபியூஸ் போனவன்
வினைல் நண்பரே, எல்லா டர்ன்டேபிளுக்கும் அப்படி இல்லை. உங்களுடையது ஹெர்ட்ஸைப் பொறுத்தே வேகம் அமையும் ஏசி சிங்க்ரனஸ் மோட்டார், அதனால்தான். டிசி மோட்டாரோ குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவோ இருந்தால் ஹெர்ட்ஸ் மாறினாலும் வேகம் மாறாது. பொதுவாகச் சொல்லி மற்றவர்களைப் பயமுறுத்த வேண்டாம்.

என் கதை சின்னது. சப்வூஃபரின் (கனத்த ஒலிக்கான ஸ்பீக்கர்) பின்னால் 115/230 வோல்ட் சுவிட்ச் இருந்தது. 120 வோல்ட் நாட்டில் அதை 115-க்குத் தள்ளினேன். ஆன் செய்யும்போதெல்லாம் ஃபியூஸ் போனது. பாதி வோல்ட்டில் அதே வேலைக்கு இரண்டு மடங்கு கரண்ட் இழுக்கும், ஃபியூஸோ 230-க்கானது. பின்பலகையிலேயே இரண்டு வோல்ட்டுக்குமான ஃபியூஸ் அளவும் அச்சடித்திருந்தது.

எதிர்த்திசையில், 115-லிருந்து 230-க்குப் போகிறவர்கள்தான் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 115-ன் பெரிய ஃபியூஸை அப்படியே விட்டால் கோளாறு வரும்போது அது போகாது, உள்ளே வேறு ஏதாவது எரியும். டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் ஆம்பின் முதுகில் உள்ள வாட்ஸைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு எடுங்கள். ஹேர் டிரையருக்கென்று விற்கும் எடையே இல்லாத கன்வெர்ட்டர் பக்கம் போகவே வேண்டாம். அது அலையை வெட்டித்தான் வோல்ட்டைக் குறைக்கிறது. சூடாக்கும் சாமானுக்குச் சரி, ஆம்புக்கு ஆகாது. ஜப்பானின் 100 வோல்ட் சாமானை 120-ல் நேரடியாகப் போட்டு "ஓடுதே" என்பவர்களும் உண்டு. ஓடும்தான், ஆனால் 20 சதவீதம் கூடுதல் வோல்ட், உள்ளே சூடு ஏறிக்கொண்டே இருக்கும். அப்புறம் எர்த். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் போட்டு ஓட்டாதீர்கள். ஸ்பீக்கரில் வரும் 'ம்ம்' என்ற ஹம் சத்தம் போகிறது என்று எர்த்தைக் கழற்றுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

இரவுக் கேட்பவர்
எர்த் என்றதும்தான் எழுதத் தோன்றியது. என் டிரான்ஸ்ஃபார்மரில் எர்த் பின்னுக்கு ஓட்டையே கிடையாது, ஒரு அடாப்டர் போட்டு ஒப்பேற்றினேன். வால்யூம் குமிழைத் தொட்டால் விரல் நுனியில் சுறுசுறுவென்று இருக்கும். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் இரண்டு வயது மகள் முன்பலகையில் உள்ளங்கையை வைத்துவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அழவில்லை, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்றே எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டேன். எர்த் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் வந்து, எலக்ட்ரீசியன் சுவர் சாக்கெட்டிலும் எர்த் இருக்கிறதென்று சோதித்துச் சொல்லும்வரை மறுபடி செருகவில்லை.