ஃப்ராய்டில் ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டேன், உதவுங்கள்

வணக்கம். எம்.ஏ. உளவியல் தொலைதூரக் கல்வியில் படிக்கிறேன். சனிக்கிழமை செமினார். குழந்தைக்குப் பாலின அடையாளம் எப்படி உருவாகிறது என்பதை ஃப்ராய்டின் உளப்பகுப்பாய்வுப் (சைக்கோஅனாலிசிஸ்) பார்வையில் சொல்ல வேண்டும்.

பையன் பக்கம் புரிந்துவிட்டது. 3 முதல் 6 வயதுக்குள் அம்மா மேல் ஆசை, அப்பா மேல் பொறாமை, அவர் தண்டிப்பாரோ என்ற பயம். கடைசியில் பயம் தாங்காமல் அப்பாவைப் போலவே ஆகப் பார்க்கிறான். உதாரணத்துக்கு, ஃப்ராய்ட் 1909இல் வெளியிட்ட குட்டி ஹான்ஸ் என்ற சிறுவனின் சிகிச்சை வரலாறு. குதிரை கடித்துவிடும் என்று தெருவுக்கே வராத 5 வயதுப் பையன். குதிரையின் கண்மறைப்பும் வாயைச் சுற்றிய கறுப்பும் அப்பாவின் மூக்குக்கண்ணாடி, மீசை என்றார் ஃப்ராய்ட். வண்டிக்குதிரை ஒன்று விழுந்ததை அவன் நேரில் பார்த்திருக்கிறான்; பயத்துக்கு அதுவே போதாதா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது!

சிக்கல் பெண் குழந்தையில். அப்பா மேல் ஆசை, அம்மா மேல் பொறாமை என்ற பெண் குழந்தையின் நிலைக்கு உளவியலாளர் யுங் 1913இல் வைத்த 'எலக்ட்ரா' என்ற பெயரை ஃப்ராய்ட் ஏற்கவில்லை. அப்படியானால் அவள் அம்மாவோடு ஒன்றிப்போவதற்கு அவர் சொல்லும் காரணம்தான் என்ன? அம்மாவின் அன்பை இழக்கும் பயம் மட்டுமா? பெண்ணியச் சிந்தனையாளர் நான்சி சோடரோ 1978இல், பெண் குழந்தை அம்மாவிடமிருந்து பையன் அளவுக்கு விலகவே தேவையில்லை என்கிறார். இதை ஃப்ராய்டுக்கு மறுப்பாகச் சொல்வதா, தொடர்ச்சியாகவா?

இன்னொன்று: என் அக்கா மகளுக்கு இரண்டரை வயது. "நான் பொண்ணு"னு இப்பவே அடித்துச் சொல்கிறாள். 3 வயதுக் கணக்கு இங்கே எப்படிப் பொருந்தும்?

ஐடென்டிஃபிகேஷனுக்கு 'ஒன்றிப்போதல்' சரியா, வேறு நல்ல சொல் உண்டா? பாடம் எடுப்பவர்கள் யாராவது வெள்ளிக்குள் சொன்னால் பிழைத்துக்கொள்வேன்.