மறு: மைக்ரோஸ்போர் கல்ச்சர் – ‘மகரந்த வளர்ப்பு’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மகரந்தப்பைக்குள் இருக்கும் இளஞ்செல்லைத் தனியே பிரித்தெடுத்து ஆய்வகத்தில் நாற்றாக வளர்க்கும் ‘மைக்ரோஸ்போர் கல்ச்சர்’ முறைக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. ‘மகரந்த வளர்ப்பு’, ‘நுண்வித்து வளர்ப்பு’, ‘ஒற்றைமடிய வளர்ப்பு’, ‘நுண்சிதல் வளர்ப்பு’ என நான்கு சொற்கள் மேசையில் இருக்கின்றன. நான்காவதை இப்போதே எடுத்து வைத்துவிடலாம். சிதல் என்றால் பழந்தமிழில் கறையான். பயிர்ப் பெருக்கத்துறை மாணவர் கறையான் வளர்க்கிறார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மற்ற மூன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

> மகரந்தம் என்றால் பள்ளிப் பிள்ளைக்குக்கூடப் புரியும். எதற்கு இன்னொரு சொல்?

புரியும் ஐயா. ஆனால் வேறொன்றாகப் புரியும் என்பதுதான் சிக்கல். மகரந்தப்பைக்குள் இருக்கும் தாய்ச்செல், குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பிரிவுக்குப் பிறகு நான்கு செல்களாகிறது. நான்கும் காலோஸ் என்னும் கூட்டுச்சர்க்கரையாலான உறைக்குள் சிறிது காலம் ஒட்டிக் கிடக்கும். பையின் உள்ளடுக்கான டபீட்டம் சுரக்கும் நொதி அந்த உறையைக் கரைத்ததும் ஒவ்வொன்றும் தனியே பிரியும். அப்படிப் பிரிந்த ஒற்றை உட்கருச் செல்தான் மைக்ரோஸ்போர். பிறகு அதற்குள் ஒரு பெரிய வாக்குவோல் (நீர்மம் நிரம்பிய பை) உருவாகி, உட்கருவைச் சுவரோரம் ஒதுக்கித் தள்ளுகிறது. அந்த ஓரத்திலேயே செல் சமமில்லாமல் இரண்டாகப் பிரிகிறது: பெரியது உடலச் செல், சின்னது உற்பத்திச் செல். இந்தப் பிரிவு முடிந்த பிறகுதான் அதற்கு மகரந்தத்தூள் என்று பெயர். தேனீயின் காலில் ஒட்டுவதும், நமக்குத் தும்மல் வரவைப்பதும் முற்றி முதிர்ந்த அந்தத் தூள்.

ஆய்வகத்தில் தேடிப் பிடிப்பது பிரிவுக்குச் சற்று முந்தைய நிலையைத்தான். கடுகுக் குடும்பப் பயிரான கனோலாவை எடுத்துக்கொள்ளுங்கள். பூங்கொத்திலிருந்து மொட்டுகளைக் கிள்ளி, நீளத்தை அளந்து, ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் இருப்பவற்றைத் தனியே வைப்பார்கள். அளவு மட்டும் போதாது. செடியின் வயதும் அது வளர்ந்த அறையின் குளிரும் கணக்கை மாற்றிவிடும். அதனால் ஒரு மொட்டைப் பிரித்து, ஒரு மகரந்தப்பையைக் கண்ணாடித்தகட்டில் வைத்து, அசிட்டோகார்மைன் என்னும் சாயம் ஒரு சொட்டு விட்டு நசுக்கி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். உட்கரு நடுவில் இருந்தால் இன்னும் இளசு. ஓரத்தில் ஒதுங்கியிருந்தால் அதுதான் பதம். பெரும்பாலானவற்றில் இரண்டு உட்கருக்கள் தெரிந்தால் அந்தத் தொகுதியை ஒதுக்கிவிட்டு அடுத்த மொட்டுக்குப் போகவேண்டியதுதான்.

பதமான மொட்டுகளைக் கிருமி நீக்கி, ஊட்டச்சத்து ஊடகத்தில் போட்டு நசுக்கி, நுண்வலையில் வடித்து, மையவிலக்கியில் சுழற்றிக் கழுவுவார்கள். அடியில் மஞ்சளாகப் படிவதை 13 விழுக்காடு சுக்ரோஸ் கலந்த நீர்ம ஊடகத்தில் இட்டு, 32 பாகை செல்சியஸில் இருட்டில் சில நாள் வைப்பார்கள். அந்தச் சூடுதான் செல்லின் போக்கையே திருப்புகிறது. சமமில்லாமல் பிரிந்து மகரந்தத்தூள் ஆகவேண்டியது, சரிபாதியாகப் பிரியத் தொடங்கி, வெளியுறையைக் கிழித்துக்கொண்டு திரளாகி வெளிவருகிறது. இரண்டு மூன்று வாரத்தில் தட்டில் இதய வடிவ, நீளுருளை வடிவ முளையங்கள் (எம்பிரியோக்கள்) வெறுங்கண்ணுக்கே தெரியும். மகரந்தத்தூள் *ஆகாமல் போனதால்* கிடைத்த விளைவு இது. அதற்கு மகரந்த வளர்ப்பு என்றே பெயர் வைத்தால், நடந்ததற்கு நேர் எதிரானதைச் சொன்னதாகிவிடும்.

> முன்னோடிகளே மகரந்தம் என்றுதானே எழுதினார்கள்?

உண்மை, மறுக்க முடியாது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குகாவும் எஸ். சி. மகேஸ்வரியும் ஊமத்தை இனத்தைச் சேர்ந்த டாட்டுரா இன்னாக்சியாவின் மகரந்தப்பைகளை ஊடகத்தில் வைத்து முளையங்கள் வந்ததை 1964-இல் அறிவித்தார்கள். அவை எங்கிருந்து வந்தன என்பதை 1966-இல் காட்டியபோது கட்டுரைத் தலைப்பிலேயே மகரந்தத்தூள் என்றுதான் போட்டார்கள். 1982-இல் கனோலாவில் செல்களைத் தனியே பிரித்தெடுத்து வளர்த்த லிக்டரும் அப்படியே. பையோடு வளர்த்த காலத்தில் உள்ளே எந்தச் செல் எந்த நிலையில் இருந்தது என்பதை இவ்வளவு நறுக்காகச் சொல்லத் தேவை எழவில்லை. பிரித்தெடுக்கும் முறை பரவிய பிறகு, ஆங்கிலத்திலேயே மகரந்தம் பின்வாங்கி மைக்ரோஸ்போர் முன்னுக்கு வந்தது. அவர்கள் கைவிட்ட சொல்லை நாம் இன்று புதிதாகப் பிடித்துக்கொள்வானேன்?

இருசெல் நிலையின் தொடக்கத்தில் இருப்பவையும் தட்டில் கொஞ்சம் கலந்திருக்கும், அவற்றிலும் சில முளையமாகும் என்பது எனக்குத் தெரியும். இருக்கட்டும். ஒரு வேலைக்குப் பெயர் வைக்கும்போது எதைத் தேடுகிறோமோ அதன் பெயரைத்தான் வைக்கிறோம்.

‘மகரந்தப்பை வளர்ப்பு’ என்ற சொல்லில் யாருக்கும் தகராறு இல்லை. அது தனி முறை, தனியாகவே இருக்கட்டும். அதில் பைச்சுவரின் இருமடியச் செல்களும் (இரண்டு தொகுதி குரோமோசோம் உள்ளவை) கட்டியாகக் கிளம்பிவிடும், வந்த நாற்று எதிலிருந்து வந்தது என்று சோதிக்கவேண்டியிருக்கும். இந்த இரண்டையும் கலக்கிற எந்தச் சொல்லும் மாணவரைக் குழப்பத்தில்தான் விடும்.

> விளைவை வைத்து ‘ஒற்றைமடிய வளர்ப்பு’ எனலாமே?

இரண்டு காரணங்களால் கூடாது, தம்பி. ஒற்றைமடியத்துக்கு, அதாவது ஒரே தொகுதி குரோமோசோம் உள்ள செடிக்கு, வழிகள் பல. 1970-இல் காஷா, காவோ என்ற ஆய்வாளர்கள் பார்லியை அதன் காட்டு உறவான ஹார்டியம் பல்போசத்தோடு கலந்தபோது, முளையத்திலிருந்து பல்போசத்தின் குரோமோசோம்கள் கழன்றுபோய் ஒற்றைமடியப் பார்லி கிடைத்தது. வெங்காயத்தில் கருவுறாத பூவையோ சூலையோ வளர்த்து, பெண்வழியாகத்தான் எடுக்கிறார்கள். இவற்றில் எதிலும் மைக்ரோஸ்போருக்கு வேலையில்லை. அடுத்தது, தட்டிலிருந்து வருவதெல்லாம் ஒற்றைமடியமாகவே நிற்பதும் இல்லை. பார்லியில் நாற்றுகளில் பெரும்பகுதி தாமாகவே குரோமோசோமை இரட்டித்துக்கொள்ளும். மற்றவற்றுக்கு, இரட்டிக்க வைக்கும் கால்ச்சிசின் என்ற வேதிப்பொருளைக் கொடுக்கிறோம். பயிர்ப் பெருக்குநருக்கு வேண்டியதே அந்த ‘இரட்டித்த ஒற்றைமடியம்’தான்: ஆறேழு தலைமுறை தற்கலப்பு செய்து அடையவேண்டிய ஒருசீர்மை ஒரே தலைமுறையில் கைக்கு வந்துவிடுகிறது.

இனி ‘நுண்வித்து’. நம் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இருக்கும் சொல், எனக்கும் பழகிய சொல்தான். ஆனால் வித்து என்றால் விதை. எண்ணெய்வித்துப் பயிர்கள் என்று வேளாண்துறையே சொல்கிறது. இந்த முறையில் முன்னோடிப் பயிராக நிற்கும் கனோலாவே ஓர் எண்ணெய்வித்துப் பயிர். ‘எண்ணெய்வித்துப் பயிரின் நுண்வித்திலிருந்து வித்தில்லா வழியில் நாற்று’ என்று ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள், சிக்கல் விளங்கும்.

இலங்கைப் பாடநூல்களில் ஸ்போருக்கு ‘வித்தி’, மைக்ரோஸ்போருக்கு ‘நுண்வித்தி’. ஓர் இகரந்தான் வேறுபாடு, ஆனால் விதையிலிருந்து விலக்கிவிடுகிறது. பள்ளியில் புழங்கித் தேய்ந்த சொல், நாம் புதிதாகச் செய்யவேண்டியதும் இல்லை. ஆகவே என் வாக்கு நுண்வித்தி வளர்ப்புக்கு.

இலங்கை நண்பர்களிடமிருந்து இன்னொன்றும் கடன் கேட்கிறேன். நாம் எம்பிரியோவைக் கரு என்கிறோம். அவர்களுக்கு நியூக்ளியஸ்தான் கரு, எம்பிரியோ முளையம். ‘ஒரு கரு நிலையில் உள்ள நுண்வித்தி கருவாக மாறும்’ என்று எழுதினால் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேறு வேறு பொருளில் படிப்பார்கள். நியூக்ளியஸுக்கு உட்கரு என்பதை நாம் வைத்துக்கொள்வோம், எம்பிரியோவுக்கு அவர்களுடைய முளையத்தை எடுத்துக்கொள்வோம். ‘நுண்வித்தி முளையாக்கம்’ சொல்லிப் பார்க்க நன்றாகவே இருக்கிறது. வெறும் ‘கரு’வை இந்தச் சொற்பட்டியலில் எங்குமே போடவேண்டாம் என்பது என் கருத்து. (சிலேடை தானாக வந்தது.)

டபீட்டம், காலோஸ் இரண்டையும் அப்படியே விடலாம். அவற்றோடு மல்லுக்கட்ட இந்த இழை இடமில்லை.

தானியப் பயிர்களில் பச்சையமே இல்லாமல் வெள்ளையாக முளைத்துச் செத்துப்போகும் நாற்றுகளுக்கு மட்டும் இன்னும் சொல் அகப்படவில்லை. கோதுமையிலும் பார்லியிலும் தட்டைத் திறந்தால் சில வகைகளில் பாதிக்கு மேல் அதுவாகவே நிற்கும், ஆகையால் பட்டியலில் கட்டாயம் வேண்டும். ‘வெளிறி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மஞ்சள் பாய்ந்த இலையையும் வெளிறியது என்றுதானே சொல்கிறோம் என்பதால் தயங்குகிறேன். ‘வெண்நாற்று’ எனலாமா? வயலில் இறங்கி வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.