தூக்கம் வர காபியை விட்டு டீக்கு மாறலாமா?

மலைக்காற்று:
என் அண்ணன் இரவில் தூக்கமில்லாமல் தவிக்கிறார். "காபியை விடு, டீ குடி" என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. தூக்கத்தைக் கெடுப்பது கஃபீன் என்ற பொருள்; எடைக்கு எடை பார்த்தால் தேயிலையில்தான் அது அதிகம். உலர்ந்த இலையில் 2 முதல் 4 சதவீதம். அராபிகா என்ற காபி வகையின் கொட்டையில் சுமார் 1.2 சதவீதம்தான்.

டபரா செட்:
சகோ, இலையையா மெல்லுகிறோம்? டம்ளரில் என்ன இறங்குகிறது என்று பாருங்கள். ஒரு டீக்கு 2 கிராம் தூள் போதும். காபிக்கு 8, 10 கிராம் பொடி வேண்டும். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் கஃபீன் கணக்கே இருக்கிறது: 150 மி.லி. காய்ச்சிய காபியில் 80–120 மி.கி., இன்ஸ்டன்ட் காபியில் 50–65, டீயில் 30–65. நாளுக்கு 300 மி.கி.யைத் தாண்டக் கூடாது.

மலைக்காற்று:
அந்தக் கணக்கிலேயே ஸ்ட்ராங் டீயும் இன்ஸ்டன்ட் காபியும் 65-ல் வந்து நிற்கின்றன, பார்த்தீர்களா? நம் டீக்கடைகளில் போடுவது டஸ்ட் டீ. தூள் எவ்வளவு பொடிசோ, கஃபீன் அவ்வளவு சீக்கிரம் இறங்கும். வடிகட்டும் துணிப்பையில் தூளைப் போட்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, இறங்கியதையே மறுபடி எடுத்து ஊற்றுவார்கள். டிகாஷன் கறுத்துவிடும். அதோடு, காபி இரண்டு வேளையோடு நிற்கும். டீ அப்படியா? வேலை நேரத்தில் ஐந்தாறு கிளாஸ் போய்விடும்.

டபரா செட்:
எண்ணிக்கை கூடினால் டீயின் மேல் என்ன குற்றம்? அப்புறம், எல்லாக் காபியும் ஒன்றல்ல. காபிப் பொடியோடு கலக்கும் சிக்கரியில் கஃபீன் கிடையாது. 60:40 கலவை என்றால் பொடியில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் காபி. பாக்கெட்டிலேயே போட்டிருக்கும்.

மலைக்காற்று:
அந்த 60-ல் ரோபஸ்டா என்ற இன்னொரு காபி வகை எவ்வளவு? அதில் கஃபீன் அராபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இரவுப்பணி:
நான் செவிலியர். இருவரும் கடிகாரத்தை விட்டுவிட்டீர்கள். குடித்த கஃபீனில் பாதி கழியவே பெரியவர்களுக்குச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 11 மணிக்கும் உடம்பில் இருக்கும். கர்ப்பிணிகளுக்கு இன்னும் நீளும். அண்ணன் கடைசியாக எத்தனை மணிக்குக் குடிக்கிறார்?

மலைக்காற்று:
இரவு சாப்பாடு முடிந்ததும் ஒரு காபி, 9 மணி வாக்கில்.

டபரா செட்:
அதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள், அந்த இடத்தில் டீயும் வேண்டாம். காலைக் காபியில் கை வைக்காதீர்கள்.