பேரொலிக்குப் பின் ஒரு காது மட்டும் தெளியவில்லை: காத்திருக்கலாமா?

கேள்வி: இளவேனில்

வணக்கம். நேற்று மாலை ஓர் இசை நிகழ்ச்சியில், பெரிய ஒலிபெருக்கி அடுக்கு எனக்கு இடப்புறமாக இருக்கும்படி, நிகழ்ச்சி முடியும் வரை நின்றிருந்தேன். வெளியே வந்தபோது இரு காதுகளும் பஞ்சு வைத்து அடைத்தாற்போல் இருந்தன. உடன் வந்தவர்களின் குரல் கேட்டதே தவிர, சொற்கள் பிரிந்து விளங்கவில்லை. கூடவே 'கீ' என்ற மெல்லிய இரைச்சலும் இருந்தது. இன்று காலை வலக்காது பெரும்பாலும் தெளிந்துவிட்டது. இடக்காதில் மட்டும் அடைப்பும் இரைச்சலும் நீடிக்கின்றன. கைப்பேசியை அந்தப் பக்கம் வைத்தால் பேச்சு மழுங்கிக் கேட்கிறது. வலி, சீழ், தலைச்சுற்றல் எதுவும் இல்லை. இரண்டு நாளில் தானாகவே சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எத்தனை நாள் பொறுத்திருக்கலாம், எந்த அறிகுறி தெரிந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: செவ்வழி

நான் செவித்திறன் பரிசோதனைப் பணியில் இருக்கிறேன். நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி, பேரொலிக்குப் பின் வரும் தற்காலிகக் கேள்திறன் குறைவோடு பொருந்துகிறது. உட்காதின் நத்தைச்சுருளுக்குள் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் உள்ளன. அவற்றின் நுனியில் இருக்கும் நுண்ணிழைகள் ஒலியதிர்வுக்கு ஏற்ப அசைந்து, அந்த அசைவை நரம்புக்கான செய்தியாக மாற்றுகின்றன. அளவுக்கு மீறிய ஒலியில் அந்த இழைகளை இணைக்கும் நுண்ணிய பிணைப்புகள் அறுபடுவதும், செல்கள் களைத்து வீங்குவதும் நிகழ்கின்றன. சேதம் அந்த அளவோடு நின்றால் பிணைப்புகள் மீண்டும் உருவாகி, கேள்திறன் பெரும்பாலும் 16 முதல் 48 மணி நேரத்துக்குள் திரும்பிவிடும். சிலருக்குச் சில வாரங்கள்கூட ஆகலாம். ஆனால் செல்லே இறந்துவிட்டால், மனிதக் காதில் அது மறுபடி முளைப்பதில்லை. குரல் கேட்டும் சொல் விளங்காததற்கும் காரணம் உண்டு: இத்தகைய பாதிப்பு முதலில் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர் சுருதிகளைத்தான் தாக்கும். ச, ஸ, ஷ போன்ற உரசொலிகளின் கூர்மை அந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தியது, ஒரு காது மட்டும் பின்தங்குகிறது என்பதுதான். ஒலிபெருக்கி இடப்புறம் இருந்ததால் அப்படி ஆகியிருக்கலாம் என்பது உண்மையே. ஆயினும் ஒரே காதில் திடீரென்று வரும் நரம்புவழிக் கேள்திறன் இழப்பும் தொடக்கத்தில் இதே அடைப்பாகவும் இரைச்சலாகவும்தான் தோன்றும். அதற்குத் தரப்படும் ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரங்களுக்குள், முடிந்தால் முதல் சில நாள்களிலேயே தொடங்க வேண்டும். ஆகவே நாளை மறுநாள் காலைக்குள் இடக்காது வலக்காதுக்கு இணையாகத் தெளியவில்லையென்றால், மேலும் பொறுக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து, ஆடியோகிராம் (கேள்திறனை அளந்து காட்டும் பரிசோதனை) எடுத்துவிடுங்கள். கேள்திறன் மேலும் குறைந்தாலோ, தலை சுற்றினாலோ, காதிலிருந்து இரத்தமோ நீரோ கசிந்தாலோ, அன்றே செல்ல வேண்டும்.

இதற்கிடையில் வீட்டிலேயே ஒன்றைக் கவனித்துப் பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று தாழ்ந்த குரலில் நீட்டிச் சொல்லுங்கள். அடைத்த காதிலேயே அது பலமாகக் கேட்டால், குறும்பி அடைப்பு போன்ற வெளிக்காது, நடுக்காதுக் காரணமாக இருக்க வாய்ப்புண்டு. நல்ல காதின் பக்கம் ஒதுங்கிக் கேட்டால், கோளாறு உட்காதில் இருக்கக்கூடும். இது பரிசோதனைக்கு மாற்றன்று. ஆனால் ஒலி நல்ல காதுக்கு ஒதுங்குமானால் நாளை மறுநாள் வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

மறுமொழி: அலைவரிசை

எனக்கு இது பலமுறை வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் தூங்கி எழுந்ததும் சரியாகிவிட்டது. இளம் வயதினரைத் தேவையின்றி அச்சுறுத்த வேண்டாம் என்பது என் கருத்து.

மறுமொழி: செவ்வழி

அச்சுறுத்துவது என் நோக்கமன்று. ஆனால் சரியாகிவிட்டது என்பதை எதை வைத்துச் சொல்கிறோம் என்று பார்க்க வேண்டும். 2009ஆம் ஆண்டில் ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் ஆகிய செவித்திறன் ஆய்வாளர்கள் இருவரும் எலிகளை 100 டெசிபல் ஒலியில் இரண்டு மணி நேரம் வைத்து ஆய்வு செய்தார்கள். இரண்டு வாரங்களில் அவற்றின் கேள்திறன் அளவு பழையபடி திரும்பிவிட்டது, மயிர்ச்செல்களும் பிழைத்திருந்தன. ஆனால் அச்செல்களுக்கும் செவிநரம்புக்கும் இடையிலுள்ள இணைப்புகளில், உயர் சுருதிப் பகுதியில், ஏறக்குறையப் பாதி அழிந்துபோயிருந்தன. மனிதரிடம் இது எந்த அளவுக்கு நிகழ்கிறது என்பது இன்னும் ஆய்வில் உள்ளது. அமைதியான அறையில் எடுக்கும் ஆடியோகிராம் இயல்பாக இருந்தும், கூட்டத்தின் நடுவே பேச்சைப் பிரித்தறியத் தடுமாறுகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். திரும்பத் திரும்ப மந்தமாகித் தெளியும் காதை உறுதியான காது என்று கொள்ளாதீர்கள் என்று உங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி: இளவேனில்

இருவருக்கும் நன்றி. முனகிப் பார்த்தேன், ஒலி வலப்பக்கமே ஒதுங்குகிறது. நாளைக் காலைக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். அதுவரை காதடைப்பான் அணிந்துகொண்டே இருக்கலாமா? இனி இத்தகைய நிகழ்ச்சிகளுக்குப் போகவே கூடாதா?

மறுமொழி: ஒலிக்கூடம்

மேடை ஒலியமைப்பில் வேலை செய்பவன் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்லலாம். சாதாரண அமைதியில் காதை அடைத்துக்கொண்டே இருந்தால் இரைச்சல் இன்னும் எடுப்பாகத் தெரியும், காது ஒலிக்குக் கூசவும் தொடங்கும். ஆதலால் உரத்த இடங்களையும் இயர்போனையும் தவிர்த்தால் போதும். மருத்துவர் செவிப்பறையைப் பார்க்கும் வரை எண்ணெயோ சொட்டு மருந்தோ விடாதீர்கள்.

நிகழ்ச்சிகளுக்குப் போகலாம்; எவ்வளவு நேரம், எங்கே நிற்கிறோம் என்பதே முக்கியம். 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது பணியிடங்களுக்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு. அதன்பின் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைவதால், 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் மிஞ்சும். ஒலிபெருக்கியின் அருகில் அந்த அளவை எளிதில் தாண்டிவிடும். சில அடிகள் பின்னே நகர்வதே பெரிய பாதுகாப்பு. இடையிடையே வெளியே வந்து காதுக்கு ஓய்வு கொடுப்பதும் பயன் தரும்.

நுரைக் காதடைப்பான் வாங்கினால் அதை விரல்களுக்கிடையே இறுக்கிச் சுருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்து உள்ளே செலுத்தி, அது விரியும் வரை விரலால் பிடித்திருங்கள். வெளியே பாதி துருத்திக்கொண்டிருந்தால், உறையில் அச்சிட்ட பாதுகாப்பு கிடைக்காது. உங்கள் குரலே உங்களுக்குக் கனத்துக் கேட்டால் சரியாகப் பொருந்தியிருக்கிறது என்று கொள்ளலாம். வெறும் பஞ்சை மட்டும் நம்ப வேண்டாம்; அது ஒலியை மிகக் குறைவாகவே தடுக்கும்.