டெக் பலகையை மாற்றும் முன் அடியில் குனிந்து பாருங்கள்

டொரன்டோ பக்கம் புதிதாக வீடு வாங்கியவர்களுக்கு இது. பின்பக்கக் கதவைத் திறந்ததும் ஒரு மரத் தளம் இருக்குமே, டெக் என்பார்கள், அதைப் பார்த்து மொட்டை மாடி மாதிரி உட்கார்ந்து காபி குடிக்கலாம் என்று நானும் மயங்கினேன். அது மாடி இல்லை, மாடு. தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கழுவி, காயவிட்டு, தேய்த்து, ஸ்டெயின் என்கிற, மரத்தில் ஊறித் தண்ணீரைத் தடுக்கும் பூச்சை அடிக்க வேண்டும். அதற்கு மழையில்லாத வார இறுதி கிடைக்க வேண்டும், அந்த வார இறுதியில் யார் வீட்டிலும் பிறந்தநாள் இருக்கக் கூடாது. விட்டுவிட்டால், பலகைக்குள் இறங்கிய தண்ணீர் குளிரில் உறைந்து, இளகி, மறுபடி உறைந்து வெடிப்பு விடும். நான் அடுத்தடுத்து இரண்டு முறை விட்டேன். மகள் காலில் சிலாம்பு ஏறிய அன்றுதான் காம்போசிட் போடுவது என்று முடிவானது.

காம்போசிட் என்பது மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து வார்க்கிற பலகை. ட்ரெக்ஸ், டிம்பர்டெக் என்ற பெயர்களைக் கடையில் பார்ப்பீர்கள். மேலே பிளாஸ்டிக் உறை போர்த்தியதா என்று கேட்டு வாங்குங்கள், உறையில்லாத பழைய ரகங்கள் தண்ணீர் குடித்துப் பூஞ்சை பிடித்தன. மரமே கலக்காத பிவிசி பலகையும் உண்டு, விலை இன்னும் கூட. காம்போசிட் பலகைக்கே சாதாரண மரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகும், ஆனால் ஸ்டெயின் வேலை அடியோடு போய்விடும், வருடத்துக்கு ஒருமுறை சோப்புத் தண்ணீர் போதும்.

சரி, இப்போது முக்கியமான விஷயம். எல்லோரும் பலகை நிறத்தையே பார்க்கிறோம், அடியில் இருக்கும் சட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு வந்த முதல் கான்ட்ராக்டர் மேலே நின்றபடியே 'ஃபிரேம் நல்லா இருக்கு, பலகையை மட்டும் மாத்திடலாம்' என்றார். இரண்டாவது ஆள் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு கீழே படுத்து, வீட்டுச் சுவரோடு போல்ட் போட்டிருந்த லெட்ஜர் கட்டையில் குத்தினார், ஊறின ரஸ்க்கில் இறங்குவது போல இறங்கியது. தண்ணீர் சுவருக்கும் கட்டைக்கும் நடுவில் போகாமல் தடுக்கும் தகடு வைக்காமலே கட்டியிருக்கிறார்கள். டெக் சரிந்து விழும் சம்பவங்களில் பல இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கின்றன. 25 வருடம் வாரன்டி உள்ள பலகையை அதன் மேல் போட்டு என்ன பயன்?

அந்த ஸ்க்ரூடிரைவர் சோதனையை நீங்களே செய்யலாம், காசு செலவில்லை. அப்புறம் ஜாய்ஸ்ட்களின், அதாவது பலகையைத் தாங்கும் அடிக்கட்டைகளின், இடைவெளியை அளந்து பாருங்கள். காம்போசிட் மரத்தைவிட வளையும், அதனால் மையத்துக்கு மையம் 16 அங்குலம், மூலைவாட்டாகச் சாய்த்துப் பலகை போட்டால் 12. தூண்களின் அடித்தளம் சுமார் 4 அடி ஆழம் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் உறையும் மண் அதைத் தூக்கிவிடும். டொரன்டோ நகரில் தரையிலிருந்து 60 சென்டிமீட்டருக்கு மேல் உயரும் டெக்குக்கு பெர்மிட் வேண்டும், மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் நகராட்சியில் கேட்டுவிடுங்கள். கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவில் 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, குழந்தைகள் தலையை விட்டுவிடும்.

அளவையும் யோசியுங்கள். பலகை 12, 16, 20 அடி நீளத்தில் வரும். 16 அடி டெக்குக்கு வெட்டி எறிவது ஒன்றுமில்லை, 14 அடி டெக்குக்கு ஒவ்வொரு பலகையிலும் 2 அடி குப்பைக்குப் போகும்.

பழைய டெக் 2004க்கு முன் கட்டியது என்றால், அந்த மரத்தில் ஆர்செனிக் கலந்த மருந்து ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். போகி நினைப்பில் எரித்துவிடாதீர்கள். கிரில் அடுப்புக்கும் வேண்டாம்.

'கேஷாகக் கொடுத்தால் 13 சதவீதம் வரி மிச்சம்' என்று ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார், நம் ஆளாகவே இருப்பார். ரசீது இல்லை, ஒப்பந்தம் இல்லை, அடுத்த ஏப்ரலில் படிக்கட்டு ஆடினால் அவர் போன் எடுக்கமாட்டார். எழுதி வாங்குங்கள்.

பனி தள்ள இரும்பு மண்வெட்டி வேண்டாம், கீறல் விழும், பிளாஸ்டிக் போதும்.

நிறத்தில் மட்டும் நான் ஏமாந்தேன். மனைவி சாம்பல் நிறம் சொன்னாள், நான் அடர் பழுப்புதான் கம்பீரம் என்று பிடிவாதம் பிடித்தேன். ஜூலை மதியம் வெறுங்காலோடு நிற்க முடியவில்லை, காம்போசிட் மரத்தைவிடச் சூடேறும், அதிலும் அடர் நிறம் கேட்கவே வேண்டாம். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா மட்டும்தான் என் தேர்வைப் பாராட்டினார். அவர் போட்ட வடகம் இரண்டே நாளில் காய்ந்துவிட்டது.