பத்மினிக்கு எலக்ட்ரிக் பெட்ரோல் பம்பு: ரிலே சரி, கட்ஆஃப் சுவிட்சை எந்தப் பக்கம் கொடுப்பது?

மதுரை_பத்மினி:
வணக்கம். வீட்டில் 1992 மாடல் பிரீமியர் பத்மினி ஒன்று இருக்கிறது, சும்மா நிறுத்தி வைக்காமல் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். சித்திரை வெயிலில் சிக்னலில் கொஞ்சம் நின்றால் போதும், மூச்சு முட்டி அணைந்துவிடும். அப்புறம் பானெட்டைத் திறந்து ஏசி பம்பின் (இன்ஜினே ஓட்டுகிற பழைய பெட்ரோல் பம்பு) மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருந்தால்தான் கிளம்பும். வேப்பர் லாக்தான் (சூட்டில் பெட்ரோல் லைனிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்வது), சந்தேகமே இல்லை. அதனால் ஏசி பம்பைக் கழற்றிவிட்டு டாங்க் பக்கத்தில் எலக்ட்ரிக் பம்பு வைக்கப் போகிறேன். கார்புரேட்டர் வண்டிக்கான 12 வோல்ட் பம்பு, 2 ஆம்பியருக்குள்தான் இழுக்கிறது.

எங்கள் எலக்ட்ரீசியன் இக்னிஷன் ஒயரிலிருந்து நேராக ஒரு லைன் இழுத்துக் கொடுத்தால் போதும் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டை ஆன், ஆஃப் செய்கிற சுவிட்ச்) போடணும், வண்டி எங்காவது மோதினால் பம்பு தானாக நிற்கணும். புதுப்பேட்டையில் ஃபியட் பாலியோவில் கழற்றிய இனர்ஷியா சுவிட்ச் (மோதிய அதிர்ச்சியில் கரண்டை அறுப்பது) ஒன்று கிடைத்தது, மூன்று பின் இருக்கிறது. இதை ரிலேயின் 86க்கு (காயிலுக்குக் கரண்ட் வரும் பின்) வரும் ஒயரில் கொடுப்பதா, 87இலிருந்து (கரண்ட் வெளியே போகும் பின்) பம்புக்குப் போகும் ஒயரில் கொடுப்பதா? இரண்டு பேரைக் கேட்டேன், ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

கோவை_ஒயரிங்:
87க்கும் பம்புக்கும் நடுவில் கொடுங்கள். காரணம் ரொம்பச் சின்னது: ரிலேக்குள் தொட்டு விலகுகிற பாயிண்ட் சில நேரம் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய ரிலேயில் 86க்கு வரும் கரண்டை எத்தனை சுவிட்ச் போட்டு அறுத்தாலும் பம்பு ஓடிக்கொண்டேதான் இருக்கும். பம்புக்குப் போகும் ஒயரிலேயே சுவிட்ச் இருந்தால் ரிலே என்ன கதியில் இருந்தாலும் கரண்ட் அறுந்துவிடும். பாலியோவில் அந்த சுவிட்ச் இன்ஜெக்ஷன் பம்பையே பார்த்துக்கொண்டது, உங்கள் 2 ஆம்பியர் அதற்கு ஒன்றுமே இல்லை.

மற்றபடி வழக்கமான ஒயரிங்தான். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 10 ஆம்பியர் பியூஸ், அதை பேட்டரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள், பின்னால் டிக்கியில் கொண்டுபோய் வைத்தால் நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது பியூஸ் இருந்தும் பிரயோஜனம் இல்லை. பியூஸிலிருந்து ரிலேயின் 30ஆம் பின்னுக்கு. 87இலிருந்து 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் பின்னால் போகட்டும், இனர்ஷியா சுவிட்ச், அப்புறம் பம்பு. பம்பு எர்த்தைப் பெயின்ட் சுரண்டிய இடத்தில் பாடியில் இறுக்குங்கள். 85 எர்த், 86 இக்னிஷன். காயிலுக்குக் குறுக்கே ஒரு 1N4007 டயோடு (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுவது) போட்டால் நல்லது, வெள்ளைக் கோடு 86 பக்கம் இருக்கணும், திருப்பிப் போட்டால் ஷார்ட்தான். உள்ளேயே டயோடு வைத்த ரிலேயாக இருந்தால் 85, 86 இரண்டையும் மாற்றிக் கொடுக்கவே கூடாது.

மூன்று பின்னில் எந்த இரண்டு என்று மீட்டரை பஸ்ஸரில் வைத்துப் பாருங்கள். பட்டன் அமுங்கியிருக்கும்போது கத்துகிற ஜோடிதான் உங்களுக்கு வேண்டியது. சுவிட்சைக் கையில் பிடித்து உள்ளங்கையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் பட்டன் மேலே எகிறும், சத்தம் நிற்கும். நிற்கவில்லை என்றால் அதைப் பொருத்தாதீர்கள்.

சேலம்_கார்பு:
நான் இதில் மாறுபடுகிறேன். பழைய வண்டியில் கழற்றிய சுவிட்சைப் பம்பு லைனில் வைத்தால் உள்ளே பாயிண்ட் கறுத்துப்போய் வோல்டேஜ் விழும், பம்பு சோர்ந்து ஓடும், ஏற்றத்தில் வண்டி திணறும். 86இல் வைத்தால் அதன் வழியாக 150, 200 மில்லி ஆம்பியர்தான் போகும், சுவிட்ச் ஆயுசுக்கும் உழைக்கும். 2 ஆம்பியர் பம்பில் 30 ஆம்பியர் ரிலே ஒட்டுவதெல்லாம் எங்கே நடக்கிறது?

கோவை_ஒயரிங்:
நடப்பது குறைவுதான் அண்ணா, ஆனால் இந்த சுவிட்சுக்கு வேலையே அந்த ஒரு நாள்தானே. வோல்டேஜ் விழுகிறதா என்று ஊகிக்க வேண்டாம், அளந்து பார்க்கலாம். பம்பு ஓடும்போது அதன் முனையில் மீட்டரை வையுங்கள், பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் சுவிட்சையோ கிரிம்ப்பையோ மாற்றலாம். அந்த ஒயரில் முழு நீளத்துக்கும் விழுவது 0.2 வோல்ட்டைத் தாண்டாது.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். திருட்டைத் தடுக்கச் சிலர் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைக்கும் சுவிட்ச் இருக்கிறதே, அது 86 பக்கம் போகட்டும், அங்கே உங்கள் கணக்கு சரி. ஆனால் கார்புரேட்டர் வண்டியில் அதை நம்பித் தூங்காதீர்கள், மிதவை அறையில் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் இடம்) இருக்கிற பெட்ரோலிலேயே அடுத்த தெரு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்விடுவான்.

பழசு_பட்டறை:
எல்லாரும் மோதலைப் பற்றியே பேசுகிறீர்கள். ஏசி பம்பு இருந்தவரைக்கும் இன்ஜின் நின்றால் பம்பும் நின்றது, அது தானாகக் கிடைத்த பாதுகாப்பு. எலக்ட்ரிக் போட்டதும் அதை இழக்கிறோம். மெதுவாக இடித்து ஹோஸ் பிய்ந்தாலோ, சும்மாவே கிளிப் கழன்றாலோ, இனர்ஷியா சுவிட்சுக்கு அது தெரியவே தெரியாது. இன்ஜின் அணைந்து கிடக்கும், சாவி ஆனில் இருக்கும், பம்பு பாட்டுக்குச் சூடான மேனிஃபோல்டு மேல் பெட்ரோலைப் பீச்சிக்கொண்டிருக்கும். அதனால் 86க்கு இக்னிஷனை நேராகக் கொடுக்காமல் ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாகக் கொடுங்கள், இன்ஜின் நின்று பிரஷர் போனால் பம்பும் நிற்கும்.

மதுரை_பத்மினி:
ஆயில் லைட்டுக்கு ஏற்கனவே ஒரு சுவிட்ச் இருக்கிறதே, அதையே பயன்படுத்தலாமா சார்? அப்புறம், ஸ்டார்ட் பண்ணும்போது ஆயில் பிரஷர் இருக்காதே, பம்பு எப்படி ஓடும்?

பழசு_பட்டறை:
முடியாது தம்பி. லைட் சுவிட்ச் தலைகீழ், பிரஷர் இல்லாதபோது மூடியிருக்கும் (கரண்ட் போகும்), பிரஷர் வந்தால் திறக்கும் (கரண்ட் அறும்). ரிலே ஆஃபில் இருக்கும்போது கரண்ட் வருகிற 87a பின்னை வைத்து அதைத் திருப்பிவிடலாம் என்று சில பேர் படம் வரைந்து காட்டுவார்கள், அதில் அந்த ஒயர் அறுந்தால் பம்பு நிற்காமல் ஓடும், நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். ஒரு டி பிட்டிங் போட்டு, பிரஷர் வந்தால் மூடுகிற சுவிட்ச் தனியாக வாங்கி மாட்டுங்கள். தேய்ந்த இன்ஜினாக இருந்தால் முதலில் கேஜ் வைத்து, நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் எவ்வளவு பிரஷர் நிற்கிறது என்று பாருங்கள். சுவிட்ச் மூடுகிற அளவை ஒட்டியே நின்றால் சிக்னலில் ரிலே டிக் டிக் என்று அடித்துக்கொண்டு, வேப்பர் லாக்கைவிடப் பெரிய தலைவலியாகிவிடும்.

ஸ்டார்ட்டிங்கைப் பற்றிக் கேட்டீர்கள். தினமும் ஓடுகிற வண்டிக்கு மிதவை அறையில் மிச்சம் இருப்பதே போதும். நாள் கணக்கில் நின்றால் வெயிலில் அது ஆவியாகிவிடும், அப்போது ஸ்டார்ட்டர் சாலினாய்டுக்குப் போகும் சின்ன ஒயரிலிருந்து 86க்கு ஒரு தொடுப்பு வேண்டும். இங்கேதான் பல பேர் மாட்டிக்கொள்கிறார்கள். நடுவில் டயோடு இல்லாமல் நேராக இணைத்தால், இன்ஜின் கிளம்பி ஆயில் சுவிட்ச் மூடியதும் கரண்ட் அந்த ஒயரிலேயே திரும்பிப் போய் ஓடுகிற இன்ஜினில் ஸ்டார்ட்டரை இழுக்கும், ரிங் கியர் பல் தெறிக்கும். அதே 1N4007 போதும், கோடு 86 பக்கம்.

சேலம்_கார்பு:
சுவிட்ச் சண்டையை விடுகிறேன், இதையாவது கேளுங்கள். பம்பு டப்பாவில் எத்தனை பிஎஸ்ஐ (அழுத்த அளவு) என்று போட்டிருக்கிறது? கார்புரேட்டருக்குள் வருகிற பெட்ரோலை அடைக்கும் உங்கள் நீடில் வால்வு 3 பிஎஸ்ஐக்குப் பக்கத்தில் தாங்கும், 6, 7 தள்ளுகிற பம்பு என்றால் ரெகுலேட்டர் இல்லாமல் கார்புரேட்டர் பொங்கி வழியும். பம்பை டாங்க் மட்டத்துக்குக் கீழே வையுங்கள், இந்தப் பம்புகள் தள்ளும், உறிஞ்சுவதில் சோம்பேறி. ஹோஸ் எல்லாம் E20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) தாங்குகிற புதுசாகப் போடுங்கள், பழைய ரப்பர் இப்போது வருகிற பெட்ரோலில் ஊறி வெடிக்கிறது. ஏசி பம்பு கழற்றிய ஓட்டையை பேக்கிங் வைத்துத் தகடு போட்டு மூட மறந்தால் ஆயில் குளம்.

மதுரை_பத்மினி:
டப்பாவில் 3 முதல் 4 என்று இருக்கிறது, ரெகுலேட்டரும் வாங்கிவிடுகிறேன். பம்பு லைனில் இனர்ஷியா, 86இல் ஆயில் சுவிட்ச், இப்படியே போகிறேன். டிக்கியில் சுவிட்சைப் படுக்கவைத்து மாட்டலாமா? நிமிர்த்தி வைக்க இடம் இடிக்கிறது.

கோவை_ஒயரிங்:
படுக்கவைக்கக் கூடாது. உள்ளே ஒரு குண்டைக் காந்தம் பிடித்து வைத்திருக்கிறது, சாய்ந்தால் கணக்கே மாறிவிடும். பட்டன் மேலே பார்க்கிற மாதிரி, ஆடாத கெட்டியான தகட்டில் போல்ட் பண்ணுங்கள், டிக்கி மூடி அடிக்கும்போது அதிர்கிற இடமாக இருந்தால் சும்மா சும்மா பட்டன் எகிறிவிடும். டிக்கியில் சரிவரவில்லை என்றால் முன் சீட் கால் வைக்கிற பக்கச் சுவரில் வையுங்கள், ஒயர் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். வீட்டில் வேறு யார் ஓட்டினாலும் அது எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுங்கள். பள்ளத்தில் விழுந்து வண்டி நின்றால், முதலில் கீழே பெட்ரோல் ஒழுகவில்லையா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் பட்டனை அமுக்கணும்.